பாசி படர்ந்த புல்தரையும் பசித்த மண்ணும்

பருவமழை ஓய்ந்து மலைமுகடுகளில் வெயில் தலைகாட்டும் நாள்களில், நீலகிரியிலும் கோடைக்கானலிலும் வாழும் நம் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் ஒரே முறையீடு நம் செவியில் விழுகிறது. "முற்றத்துப் புல்லைப் பாசி தின்றுவிட்டது, சாமி. சுரண்டி எறிந்தாலும் மறுபடி வந்துவிடுகிறது. இதற்கு மருந்து என்ன?" என்று கேட்கிறார்கள்.

சமவெளியில் வாழ்வோர்க்கு இம்முறையீடு வியப்பாகத் தோன்றலாம். அங்கே புல்லுக்குப் பகை வெயிலும் வறட்சியும். மலைநாட்டிலோ நிலைமை வேறு. மூடுபனியும் தூறலும் மாதக்கணக்கில் நீடிக்க, புல்லின் இடையே மெத்தென்ற பசும்பாய் ஒன்று சந்தடியின்றிப் படர்ந்து, ஓரிரு ஆண்டுகளில் முற்றத்தையே தனதாக்கிக் கொள்கிறது. பார்வைக்கு அது அழகுதான். ஆயினும் மழை நாளில் அதன்மீது கால் வைத்து நடக்கும் முதியோர்க்கு அது ஆபத்து. ஓடி விளையாடும் சிறுவர்க்கும் ஆபத்து.

மக்கள் இதற்குக் கைக்கொள்ளும் வழிகள் மூன்று. சிலர் மண்வெட்டியால் சுரண்டி எறிகின்றனர். சிலர் அன்னபேதியையோ, மயில்துத்தத்தையோ, பிளீச்சிங் பவுடரையோ கரைத்து ஊற்றுகின்றனர். அண்மைக் காலமாகப் பலர், "இனி இந்தத் தொல்லையே வேண்டாம்" என்று புல்லோடு மண்ணையும் மூடிச் சிமெண்டுத் தளம் போட்டுவிடுகின்றனர். இம்மூன்றும் பாசியைப் பார்க்கின்றனவேயன்றி மண்ணைப் பார்ப்பதில்லை. நோய் இருப்பது மண்ணில். பாசி அதன் அறிகுறி. மண்ணின் நலத்தைச் சீர்செய்தால் புல் தானே தன் இடத்தை மீட்டுக்கொள்ளும் என்பதே இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படும் கருத்து.

பாசி என்பது யாது?

தமிழில் பாசி என்னும் சொல்லைப் பலவற்றுக்கும் வழங்குகிறோம். குளத்து நீரில் மிதப்பதும் பாசி. கிணற்றுப் படியில் வழுக்குவதும் பாசி. மரத்திலும் பாறையிலும் மெத்தையாய்ப் படர்வதும் பாசி. புல்தரையில் நாம் காண்பது இவற்றுள் கடைசி வகை. அது தண்டும் சிற்றிலைகளும் உடைய ஒரு தாவரம். ஆயினும் அதற்குப் பூவில்லை, விதையில்லை, உண்மையான வேருமில்லை. நுண்ணிய இழைகளால் தரையைப் பற்றிக்கொண்டு, இலைகளின் மேற்பரப்பு முழுவதாலும் நீரைப் பருகி வாழ்கிறது. விதைக்குப் பதிலாகத் தூசியினும் நுண்ணிய வித்துத்துகள்களைக் காற்றில் பரப்புகிறது. வெயிலில் காய்ந்து சருகானதுபோல் கிடக்கும். ஒரு மழை விழுந்தால் சில மணி நேரத்திற்குள் மீண்டும் பசுமை கொள்ளும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, வேரில்லாத ஒரு தாவரம் புல்லின் வேரிலிருந்து உணவைப் பறிக்க இயலாது. ஆகவே பாசி புல்லைத் தின்பதில்லை. புல் மெலிந்து விட்டகன்ற வெற்றிடத்தில்தான் அது குடியேறுகிறது. இரண்டாவது, அதற்கு ஆழமான மண்ணோ உரமோ தேவையில்லை. ஈரமும் நிழலும் இருந்தால் கற்பாறையும் அதற்குப் போதும். எனவே மண் கெட்ட இடத்தில் புல் பட்டினி கிடக்க, பாசி செழிக்கிறது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அதுபோலப் புல் இல்லாத தரைக்குப் பாசியே பசுமை.

பாசியை மருந்தாக்கிய தோட்டக்காரர்

உதகமண்டலத்தின் அரசு தாவரவியல் பூங்காவைக் காணாதவர் நம் வாசகர்களுள் சிலரே இருப்பர். தொட்டபெட்டா மலைச்சரிவில், ஏறத்தாழ 22 ஹெக்டேர் பரப்பில், படிப்படியாக அமைந்த அப்பூங்காவின் புல்தரைகள் பெரும்புகழ் பெற்றவை. 1848-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்பவரே அதனை உருவாக்கியவர். பின்னர் நீலகிரியில் சின்கோனா மரங்களை வளர்க்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. மலேரியாக் காய்ச்சலுக்கு அந்நாளில் கைகண்ட மருந்தாக விளங்கிய குயினைன், அம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது.

பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும் என்ற அச்சம் இருந்தது. மெக்ஐவர் 1860-களில் ஒரு புதிய முறையைக் கண்டார். பட்டையை நீளநீளமான கீற்றுகளாக இடைவிட்டு உரித்து, உரித்த இடத்தை ஈரப்பாசியால் மூடிக் கட்டினார். பாசிக் கட்டின் கீழே மரம் புதுப்பட்டை வளர்த்துக்கொண்டது. அப்புதுப்பட்டையில் மருந்துச் சத்து முன்னிலும் மிகுந்திருந்தது. நீலகிரியின் புகழ்பெற்ற புல்தரைகளுக்கு வித்திட்டவரே பாசியை மரத்தின் புண்ணுக்குக் கட்டாகவும் பயன்படுத்தினார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. பாசி இயல்பிலே தீயதன்று. மலைச்சோலைகளில் மரங்களையும் பாறைகளையும் போர்த்தியிருக்கும் பாசி, மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறுகச்சிறுகச் சுரக்கவிடுகிறது. நம் முற்றத்தில் அது மிகுந்திருக்கிறதென்றால், அது நமக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது. அதைக் கேட்டறிவதே முறை.

புல் மெலிவதற்குரிய காரணங்கள்

மலைநாட்டில் புல்தரைக்குப் பெரிதும் பயன்படுவது கிக்குயு புல். கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதிகளைத் தாயகமாகக் கொண்டு, கென்யா நாட்டின் கிக்குயு மக்களின் பெயரைத் தாங்கியது அது. தரையோடு ஓடும் தண்டுகளால் விரைந்து பரவும் முரட்டுப் புல். அத்தகைய புல்லே தோற்றுப்போகிறதென்றால் அதற்குக் காரணங்கள் இருத்தல் வேண்டும். அவை ஐந்து எனலாம்.

முதலாவது காரணம், மண் இறுகிப்போதல். ஒரே தடத்தில் நாள்தோறும் பலர் நடப்பதாலும், ஈரமண்ணில் வண்டி நிறுத்துவதாலும் மண்துகள்களுக்கு இடையேயுள்ள காற்றறைகள் நசுங்குகின்றன. காற்றில்லாத மண்ணில் வேர் மூச்சுவிட இயலாது. தாவரவியல் பூங்காவிலும் மே மாத மலர்க் கண்காட்சியை ஒட்டிப் பெரிய புல்தரையைச் சிறிது காலம் மூடிவைத்துப் பராமரிப்பது இதனாலேயே.

இரண்டாவது, மண்ணின் புளிப்பு. ஆண்டாண்டுக் காலமாகப் பெய்யும் மழை, மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போகிறது. இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்கின்றன. பி.எச். என்னும் அளவில் 7 என்பது நடுநிலை. ஓர் எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறுகிறது. மலைமண் பெரும்பாலும் 5.5-க்கும் கீழே நிற்கிறது. தேயிலைக்கு அது உகந்தது, புல்லுக்கு உகந்ததன்று. கிக்குயு புல் ஓரளவு புளிப்பைத் தாங்குமாயினும், மிகுபுளிப்பில் மணிச்சத்து இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து வேருக்கு எட்டாமல் போகிறது. கரைந்த அலுமினியம் வேர்நுனியையும் கருகச் செய்கிறது. உங்கள் வீட்டு ஹைட்ரேஞ்சியாச் செடி நீலநிறமாகப் பூக்கிறதா? மண் புளிப்பானது என்பதற்கு அதுவே சான்று. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அச்செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும்.

மூன்றாவது, பசி. வெட்டிய புல்லையும் உதிர்ந்த இலையையும் ஆண்டுதோறும் பெருக்கி எரித்துவிட்டு, திரும்ப ஒரு கூடை எருவும் இடாதிருந்தால், மண் எத்தனை நாள் தாங்கும்?

நான்காவது, நீர்த்தேக்கம். கூரையிலிருந்து வழியும் நீர் முற்றத்திலேயே நிற்பதும், வடிகால் தூர்ந்து கிடப்பதும் பாசிக்கு விருந்து.

ஐந்தாவது, நிழலும் தவறான வெட்டும். சைப்ரஸ் மரத்தடியிலும் உயர்ந்த சுவரின் ஓரத்திலும் புல்லுக்கு ஒளி கிடைப்பதில்லை. ஒளி கிடைக்கும் இடத்திலும், அடிக்கடி வெட்டும் வேலை மிச்சமாகட்டும் என்று தரையோடு தரையாகப் புல்லை வழித்துவிடுகிறோம். புல்லுக்கு இலையே அடுப்படி. அதை முற்றும் இழந்த புல் வேரில் சேர்த்த உணவைச் செலவிட்டு மெலிகிறது. வெளிப்பட்ட ஈரமண்ணில் பாசி இறங்குகிறது.

மருந்துகளும் அவற்றின் எல்லையும்

அன்னபேதி பாசியைக் கருகச் செய்யும் என்பது உண்மையே. இரண்டொரு நாளில் பாசி கறுத்துவிடும். அதனோடு புல்லுக்கும் சிறிது பசுமை ஏறும். ஆயினும் அன்னபேதி மண்ணின் புளிப்பைக் கூட்டும் இயல்புடையது. ஆகவே, பாசியைக் கொன்ற கையோடு புல்லைப் பலவீனப்படுத்தும் காரணங்களுள் ஒன்றை வளர்த்துவிட்டோம் என்றாகிறது. கறுத்த பாசியை வாரியெறிந்த வெற்றிடத்தில் அடுத்த மழைக்கே புதுப்பாசி துளிர்க்கிறது. அன்றியும் அது பட்ட சிமெண்டுப் படியிலும் துணியிலும் துருக்கறை நீங்காது.

மயில்துத்தத்தை நாம் எவ்வகையிலும் பரிந்துரைக்க மாட்டோம். அதிலுள்ள செம்பு மண்ணிலேயே தங்கி, ஆண்டுக்காண்டு சேர்ந்து, மண்புழுக்களை அழிக்கும். பிளீச்சிங் பவுடரோ பாசியோடு புல்லையும் மண்ணின் நுண்ணுயிர்களையும் சேர்த்தே கொல்லும். குழந்தைகள் தவழும் முற்றத்தில் இவற்றைக் கொட்டுவது அறிவுடைமையாகாது.

"சுண்ணாம்பு போட்டால் பாசி போய்விடும்" என்பது மற்றொரு நம்பிக்கை. இதில் பாதி உண்மையே உண்டு. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் பாசி படர்ந்திருப்பதை நாம் காணவில்லையா? சுண்ணாம்பு பாசிக்கு நஞ்சன்று. மண் புளித்திருந்தால் அப்புளிப்பைத் தணித்துப் புல்லுக்கு வலுவூட்டுவதே அதன் பணி. மண் புளிக்காத இடத்தில் அதனை இடுவதால் பயனில்லை. அளவு மீறினால் கேடும் உண்டு.

ஒரு முற்றத்தின் கதை

நாம் பணிபுரியும் மலைப்பங்கில் ஆலயத்தின் பக்கவாட்டில் ஏறத்தாழ ஐந்து சென்ட் அளவில் ஒரு புல்தரை உள்ளது. ஞாயிறு வகுப்பு முடிந்து சிறுவர்கள் ஓடியாடுவதும், பேருந்து வரும்வரை தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் அமர்ந்து உணவுப் பொட்டலத்தைப் பிரிப்பதும் அங்கேதான். ஒரு மழைக்காலத்தில் மூதாட்டி ஒருவர் அப்பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில், "முற்றம் முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போட்டேயாக வேண்டும்" என்று பலர் எழுந்து பேசினர். அவர்களது கவலை நேர்மையானது. அதனைத் தட்டிக்கழிக்க எவர்க்கும் மனம் வரவில்லை.

அக்கூட்டத்தில், தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்: "இத்தனை மழைத் தண்ணியும் தளத்துல நிக்காதுல்ல, சாமி, அப்ப அது யார் வீட்டுக்குப் போகும்?" ஆலயம் மேட்டில் இருக்கிறது, கீழ்ச்சரிவில் பதினான்கு வீடுகள். கணக்கிட்டுப் பார்த்தோம். ஐந்து சென்ட் நிலத்தில் 100 மி.மீ. மழை பெய்தால் அது 20,000 லிட்டர் நீராகும். புல்தரை அதில் ஒரு பகுதியை உறிஞ்சி, எஞ்சியதை மெல்ல விடுகிறது. தளமோ ஏறக்குறைய அனைத்தையும் அப்போதே சரிவில் தள்ளிவிடுகிறது. 2009-ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை அக்கூட்டத்தில் இருந்தோர் மறந்திருக்கவில்லை.

முடிவில் இரண்டு தீர்மானங்கள் ஏற்பட்டன. முதியோர் நடந்துவர வாயிலிலிருந்து ஆலயப் படிவரை சொரசொரப்பான கற்பலகைகளை இடைவெளி விட்டுப் பதித்து, ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பியும் நிறுத்துவது. எஞ்சிய தரையில் மண்ணைச் சீர்செய்து புல்லை மீட்பது. நடைபாதை அமைந்ததால் கால்மிதி ஒரே வழியில் ஒதுங்க, மண் இறுகுவதும் குறைந்தது. அதன்பின் செய்த பணிகளையே கீழே முறைப்படுத்தித் தருகிறோம்.

முதலில் சோதனை

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல மண்ணையும் பார்த்தறிய வேண்டும். மூன்று எளிய சோதனைகள் வீட்டிலேயே செய்யத்தக்கவை.

ஒன்று: மழை பெய்த மறுநாள் பழைய குடைக்கம்பி ஒன்றைத் தரையில் அழுத்திப் பாருங்கள். விரல் நீளம்கூட இறங்காமல் தடைப்பட்டால் மண் இறுகியிருக்கிறது.

இரண்டு: இருபுறமும் திறந்த தகர டப்பா ஒன்றை இரண்டு விரற்கடை ஆழம் தரையில் அழுத்தி, அதில் நீர் ஊற்றுங்கள். அரைமணி நேரமாகியும் நீர் நின்றால் வடிகால் சரியில்லை.

மூன்று: ஒரு சாண் சதுரத்தில் மண்ணைத் தோண்டி மண்புழுக்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டுகூட அகப்படாவிடில் மண்ணில் உயிரோட்டம் குறைவு. சார்லஸ் டார்வின் 1881-ஆம் ஆண்டில் மண்புழுக்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். தரையின் மேல் கிடக்கும் கற்கள் காலப்போக்கில் மண்ணுக்குள் புதைவது, புழுக்கள் அடிமண்ணை மேலே கொணர்ந்து குவிப்பதால்தான் என்று அவர் அளந்து காட்டினார். கூலியின்றி உழும் அவ்வுழவர்கள் இல்லாத முற்றத்தில் நாம்தான் கிண்ட வேண்டியிருக்கும்.

புளிப்பை அறிய மண்பரிசோதனை நிலையத்தையே நாடுக. முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில், மேற்பாசியை நீக்கி, அரை அடிக்குச் சற்றுக் குறைந்த ஆழம்வரை மண்ணெடுத்து, ஒன்றாய்க் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக்கிலோ அளவு துணிப்பையில் இட்டுக் கொடுத்தால் போதும். சுண்ணாம்பு தேவையா, எவ்வளவு தேவை என்பதை அறிக்கையே சொல்லும். உதகையில் 1954-ஆம் ஆண்டிலேயே மண்வளப் பாதுகாப்புக்கென மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது என்பதிலிருந்தே, மலைமண் எத்துணை அருமையுடன் பேணத்தக்கது என்பதை உணரலாம்.

செப்பனிடும் முறை

மார்ச் மாதத்தில், மண் அதிக ஈரமுமின்றி வறட்சியுமின்றி இருக்கும்போது பணியைத் தொடங்குவது நன்று. முதலில் வடிகாலைத் தூர்வாரி, கூரைநீர் முற்றத்தில் விழாதவாறு குழாய் வழியே தொட்டிக்குத் திருப்புக. பின்னர் இரும்புப் பல்வாரியால் பாசியை வாரி எடுக்க வேண்டும். வாரிய பாசியை எறிய வேண்டியதில்லை. பூத்தொட்டிகளின் மேல் பரப்பினால் ஈரம் காக்கும்; எருக்குழியில் இட்டால் மெல்ல மட்கும்.

அடுத்து, உருளைக்கிழங்கைக் கிண்டி எடுக்கப் பயன்படும் நான்கு பல் இரும்புக் கவையை நாலங்குல ஆழத்திற்குக் குத்தி, சற்றே முன்னும் பின்னும் அசைத்து எடுக்க வேண்டும். அரை அடிக்கு ஒரு குத்து வீதம் முற்றம் முழுவதும் குத்துக. மண்ணைப் புரட்ட வேண்டா. காற்றுக்கும் நீருக்கும் வழி திறந்தால் போதும். இளைஞர் நால்வர் சேர்ந்தால் ஐந்து சென்ட் நிலம் ஒரு காலைப்பொழுதின் வேலை.

சுண்ணாம்பு தேவையென அறிக்கை கூறினால், சுண்ணாம்புக்கல் பொடியையோ டோலமைட் பொடியையோ இடுக. டோலமைட்டில் மக்னீசியமும் உண்டு. ஒரே தடவையில் சதுர மீட்டருக்கு 200 கிராம், அதாவது சென்டுக்கு 8 கிலோ என்ற அளவை மீறாதிருத்தல் நன்று. மேலும் தேவைப்பட்டால் அடுத்த ஆண்டு இடலாம். சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் புல்லைக் கருக்கும்; அவற்றைத் தவிர்க்க. சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் இட்டால் எருவின் தழைச்சத்து ஆவியாய்ப் போகும். ஆதலால் மூன்று நான்கு வாரம் இடைவெளி விடுக. உருளைக்கிழங்குப் பாத்திக்கும் தேயிலை, கமேலியா, அசேலியா ஆகியவற்றின் அடிக்கும் சுண்ணாம்பு செல்லலாகாது.

ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழை விழுந்ததும், நன்கு மட்கிச் சலித்த எருவை மண்ணோடு கலந்து, அரைச் சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்புக. ஒரு சென்ட் நிலத்திற்கு இருபது லிட்டர் வாளியில் பத்து வாளி தேவைப்படும். விளக்குமாற்றால் தள்ளினால் அது குத்திய துளைகளில் இறங்கிவிடும். வேப்பம் பிண்ணாக்கு சென்டுக்கு இரண்டு கிலோ சேர்த்தால் தழைச்சத்தும் கிடைக்கும். வெற்றிடங்களில் கிக்குயு புல்லின் ஓடுதண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் நட்டு, இரண்டு மாதம் எவரும் மிதியாமல் கயிறு கட்டிக் காக்க வேண்டும். வெண்ணிறப் பூவுடைய குளோவர்ச் செடி இடையே தோன்றினால் பிடுங்க வேண்டா. அது காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் நல்விருந்தாளி.

மழைக்காலத்தில் ஈரத்தரையில் நடமாட்டத்தைக் குறைப்பதும் வடிகாலைக் கண்காணிப்பதுமே வேலை. புல்லை வெட்டும்போது அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காமல், இரண்டு அங்குல உயரமேனும் எஞ்சவிடுக. அடிக்கடி வெட்டினால் துணுக்குகள் குறுகியிருக்கும். அவற்றை அங்கேயே விட்டால் அதுவே உரம். செப்டம்பர், அக்டோபரில் விறகடுப்புச் சாம்பல் கிடைக்குமாயின், சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி தூவுக. டிசம்பர், ஜனவரியில் உறைபனி படிந்த காலையில் புல்லை மிதித்தால் மிதித்த இடம் கறுகிவிடும். வெயில் ஏறும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

நிழலடியில் என் செய்வது?

இவ்வளவும் செய்தும் புல் வாராத இடங்கள் உண்டு. மரத்தின் கீழ்க்கிளைகளைக் கழித்து ஒளிக்கு வழி விட்டுப் பார்க்கலாம். அப்படியும் நாளில் மூன்று நான்கு மணி நேரம்கூட வெயில் விழாத மூலையில் புல்லை வற்புறுத்துவது வீண் உழைப்பு. அங்கே நிழல் விரும்பும் பெரணிகளை நடலாம். அன்றேல் பாசியையே விட்டுவிடலாம்.

பாசியையே தோட்டமாக்கிய மக்களும் உலகில் உண்டு. ஜப்பானின் கியோத்தோ நகரில் சைஹோஜி என்னும் பௌத்த மடத்தின் தோட்டம் முழுவதும் பாசிதான். ஏறத்தாழ 120 வகைப் பாசிகள் மரநிழலில் பசும்பட்டு விரித்தாற்போல் படர்ந்திருக்கின்றன. அத்தோட்டம் 1994-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. எவரும் நடக்காத நிழல் மூலையில் பாசி அணிகலன். பலர் நடக்கும் வழியில் அது இடர். இடம் அறிந்து பேணுதலே தேவை.

பொறுமையின் கணக்கு

நம் பங்கின் முற்றத்தில் முதலாண்டு முடிவில் பாசி பாதியளவே குறைந்திருந்தது. "இவ்வளவு பாடுபட்டும் இவ்வளவுதானா?" என்று சிலர் கேட்கவே செய்தனர். இரண்டாம் ஆண்டும் குத்தி, எருவிட்டு, உயரமாக வெட்டினோம். மூன்றாம் மழைக்காலத்தில் வெயில் விழும் பகுதியெங்கும் புல் அடர்ந்து நின்றது. தகர டப்பாவில் ஊற்றிய நீர் சில நிமிடங்களில் இறங்கியது. மண்ணைத் தோண்டிய சிறுவர்கள் புழுக்களைக் கண்டு கூச்சலிட்டனர். சைப்ரஸ் மரத்தடியில் ஒரு கீற்றுப் பாசி இன்றும் இருக்கிறது. அதனை நாம் தொடுவதில்லை. அம்மூதாட்டி இப்போது கோலூன்றிக் கற்பாதை வழியே கைப்பிடியைப் பற்றி வருகிறார்.

சுரண்டுவது ஒரு நாள் வேலை. மருந்து ஊற்றுவது ஒரு மணி நேர வேலை. மண்ணைத் திருத்துவதற்கோ ஆண்டுகள் வேண்டும். ஆயினும் முதலிரண்டையும் ஆண்டுதோறும் செய்துகொண்டே இருக்க வேண்டும். திருத்திய மண்ணுக்கோ ஆண்டுக்கு ஒருமுறை குத்துதலும், ஒரு பங்கு எருவும், அளவான வெட்டும் போதுமானவை.

அன்பார்ந்த குடும்பத்தாரே, வரும் மழை ஓய்ந்ததும் உங்கள் முற்றத்தில் பாசியைக் கண்டால், மண்வெட்டியை எடுக்குமுன் குடைக்கம்பியை எடுங்கள். சிமெண்டுக்கு விலை கேட்குமுன் ஒரு பிடி மண்ணைச் சோதனைக்கு அனுப்புங்கள். உங்கள் வீட்டுக்குக் கீழே சரிவில் எத்தனை வீடுகள் உள்ளன என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.